மாண்டேஜ் என்பது பாட்டா, பாடமா?

கேள்வி: விஸ்காம் முதலாமாண்டு படிக்கிறேன். திரைப்பட ஆய்வு என்று ஒரு தாள். ஷாட், சீன், சீக்வென்ஸ், மீஸ்-ஆன்-சென், மாண்டேஜ், டயஜெடிக் என்று முதல் மாதமே இருபது சொற்கள் வந்துவிட்டன. மாண்டேஜ் என்பது ரஷ்யர்கள் உருவாக்கிய கோட்பாடு என்கிறார் எங்கள் பேராசிரியை. கோடம்பாக்கத்தில் உதவி எடிட்டராக இருக்கும் என் மாமாவிடம் கேட்டால், "அது ஒரு வகைப் பாட்டும்மா. ஹீரோ வாயசைக்க மாட்டான், அவ்வளவுதான்" என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி? இன்டர்னலில் எதை எழுதுவது? இன்னொன்று: இதையெல்லாம் படிக்க ஆரம்பித்ததிலிருந்து நிம்மதியாக ஒரு படம் பார்க்க முடியவில்லை. எல்லோருக்கும் இப்படித்தானா?
– ஒரு மாணவி, திண்டுக்கல்

பதில்: இன்டர்னலில் பேராசிரியை சொன்னதை எழுதுங்கள். மாமா சொன்னதும் சரிதான், ஆனால் அதற்கு மார்க் கிடையாது.

நான் எடிட்டர். வாரத்தில் இரண்டு நாள் ஒரு கல்லூரியில் பாடமும் எடுக்கிறேன். காலையில் வகுப்பில் ஒரு சொல்லுக்கு ஒரு அர்த்தம் சொல்லிவிட்டு, மதியம் எடிட்டிங் அறையில் அதே சொல்லை வேறு அர்த்தத்தில் பேசிக்கொண்டிருப்பேன். எனவே உங்கள் குழப்பம் எனக்குப் புதிதில்லை. இந்தச் சொற்கள் ஒரே இடத்தில் பிறந்தவை அல்ல. சில பிரெஞ்சு நாடக மேடையிலிருந்து வந்தவை. சில ஹாலிவுட் ஸ்டுடியோக்களின் வேலைத்தளத்தில் உருவானவை. சில மாஸ்கோவில் ஃபிலிம் கிடைக்காமல் பழைய படங்களை வெட்டி ஒட்டிப் பார்த்தவர்கள் தந்தவை. எல்லாம் கோடம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது நம் ஆட்கள் அவற்றை நம் வேலைக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார்கள். ஒரு சொல் குழப்பினால், அகராதியைப் புரட்டும் முன் அதைச் சொல்கிறவர் எந்த அறையில் உட்கார்ந்து சொல்கிறார் என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஷாட்டை எடுத்துக்கொள்வோம். படப்பிடிப்புத் தளத்தில், கேமரா ஓடத் தொடங்கி நிற்கும் வரை ஒரு ஷாட். அதே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்தால் ஒவ்வொன்றும் ஒரு டேக். க்ளாப் போர்டில் சீன் எண், ஷாட் எண், டேக் எண் என்று மூன்றும் எழுதுவது இதற்காகத்தான். ஆனால் என் மேசைக்கு வந்த பிறகு, ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை ஒரு ஷாட். நாயகி கேட்டுக்கொண்டிருக்கும் க்ளோசப்பைத் தளத்தில் ஒரே மூச்சில் எடுத்திருப்பார்கள். அதை நான் ஐந்து இடத்தில் நறுக்கிப் போட்டால் திரையில் அது ஐந்து ஷாட். இரண்டு கணக்கும் சரி. திரைப்பட ஆய்வு பேசுவது திரையில் தெரியும் கணக்கை. உங்கள் தாளில் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் உதவியாளனாகச் சேர்ந்த காலத்தில் ஷாட் என்பது கையில் தொடும் பொருள். 35 எம்எம் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம், வினாடிக்கு 24 ஃப்ரேம். ஆக ஒரு வினாடி என்பது ஒன்றரை அடி. 400 அடி ரோல் நாலரை நிமிடம்கூட வராது. துண்டுகளை நம்பர் போட்டு, கீழே துணிப்பை கட்டிய 'பின்' (bin) என்ற சட்டத்தில் வரிசையாகத் தொங்கவிட வேண்டும். எடிட்டர் கேட்டதும் எடுத்து நீட்ட வேண்டும். சேர்ந்த மூன்றாம் நாள், "அந்த லாங் ஷாட்டை எடுப்பா" என்றார். தொங்கியதிலேயே நீளமான துண்டாகப் பார்த்து எடுத்து நீட்டினேன். தரையில் புரண்டது, அவ்வளவு நீளம். அவர் அதை விளக்குக்கு முன் பிடித்துப் பார்த்தார். முழுக்க ஒரு பாட்டியின் முகம். என்னைத் திட்டவில்லை. டீ வாங்கிவரச் சொன்னார். டீ வருவதற்குள் அறை முழுக்கக் கதை பரவியிருந்தது.

லாங் ஷாட் என்பது தூரம். ஆள் முழுதாகத் தெரிகிறார், சுற்றுப்புறமும் தெரிகிறது. நீண்ட நேரம் வெட்டாமல் ஓடுவது லாங் டேக். ஒன்று அளவு, இன்னொன்று நேரம். ஒரு முகத்தின் க்ளோசப் பத்து நிமிடம் ஓடலாம். ஹிட்ச்காக் 1948-ல் எடுத்த 'ரோப்' படத்தில் ஷாட்டுகள் சில பத்து நிமிடம் வரை போகும். கேமராவுக்குள் அதற்கு மேல் ஃபிலிம் பிடிக்காது என்பதுதான் அங்கே எல்லை. என் மாணவர்களில் பாதிப்பேர் இன்னும் லாங் ஷாட்டையும் லாங் டேக்கையும் மாற்றி எழுதுகிறார்கள். நான் சிரிப்பதில்லை.

சீனில் பெரிய சிக்கல் இல்லை. ஒரே இடம், அறுபடாத நேரம். இரண்டில் ஒன்று மாறினால் அடுத்த சீன். தமிழில் எழுதும்போதுதான் தொல்லை. 'காட்சி' என்று எழுதுகிறோம். அதையே ஷாட்டுக்கும் எழுதுகிறோம், தியேட்டர் வாசலில் 'இரவுக் காட்சி' என்றும் எழுதுகிறோம். விமர்சனத்தில் "அந்தக் காட்சியில்" என்று படித்தால், சொல்கிறவர் மூன்று வினாடியைச் சொல்கிறாரா மூன்று நிமிடத்தைச் சொல்கிறாரா என்று எனக்கே தெரியாது. கட்டுரை எழுதும்போது ஷாட்டை ஷாட் என்றும் சீனைக் காட்சி என்றும் பிரித்து எழுதுங்கள். தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. பல சீன்கள் சேர்ந்து ஒரு காரியத்தை முடித்தால் அது சீக்வென்ஸ். உங்கள் மாமா 'இன்டர்வெல் ப்ளாக்', 'க்ளைமாக்ஸ் ப்ளாக்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்களே, கிட்டத்தட்ட அதுதான்.

மீஸ்-ஆன்-சென் என்றால் பயப்படாதீர்கள். பிரெஞ்சில் 'மேடையில் வைத்தல்' என்று பொருள். கேமராவுக்கு முன்னால் என்னென்ன இருக்கின்றன, யார் எங்கே நிற்கிறார், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, யார் யாரை நோக்கி நகர்கிறார், என்ன உடை. இதெல்லாம் சேர்ந்தது அது. கேமரா எங்கே நிற்கிறது என்பதையும் இதில் சேர்ப்பவர்கள் உண்டு, சேர்க்காதவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் இப்போது போக வேண்டாம்.

ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்', 1941. கேன் சிறுவனாக இருக்கும் பனிக்காலப் பகுதியைப் பாருங்கள். வெளியே பையன் பனியில் விளையாடுகிறான். கேமரா ஜன்னல் வழியாகப் பின்வாங்கி வீட்டுக்குள் வருகிறது. அம்மா மேசைக்கு வந்து உட்கார்கிறாள். பக்கத்தில் வங்கிக்காரர். பையனை அவர் கையில் ஒப்படைக்கும் காகிதம் மேசையில். அப்பா கொஞ்சம் தள்ளி நின்று ஆட்சேபித்துக்கொண்டிருக்கிறார். நடுவில், தூரத்தில், ஜன்னல் சட்டத்துக்குள் பொடியாக அந்தப் பையன். விளையாடும் சத்தம் கேட்கிறது. அவன் தலையெழுத்தை இங்கே எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அவனுக்குத் தெரியாது. கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவில் முன்னால் இருக்கும் மேசையும் பின்னால் இருக்கும் பையனும் ஒரே சமயத்தில் துல்லியமாகத் தெரிகிறார்கள். டீப் ஃபோகஸ் என்பது இது. வெட்டு ஒன்றும் இல்லை. எங்கே பார்ப்பது என்று நமக்கு யாரும் சொல்வதில்லை, நாமாகவே பையனைப் பார்க்கிறோம். இதையே பையன் முகம், அம்மா முகம், காகிதம் என்று தனித்தனி க்ளோசப்பாக வெட்டியிருந்தால் கதை அப்படியே புரிந்திருக்கும். 'எல்லோரும் ஒரே நேரத்தில், ஆனால் தனித்தனியாக' என்ற அந்த வலி போயிருக்கும். பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான் இந்த வகை எடுப்பைத் தூக்கிப் பிடித்ததற்கு இதுதான் காரணம்.

இப்போது உங்கள் குடும்பச் சண்டைக்கு வருவோம். மாண்டேஜுக்கு ஒன்றல்ல, நான்கு அர்த்தம் இருக்கிறது. முதலாவது சாதாரணம். பிரெஞ்சில் மாண்டேஜ் என்றால் எடிட்டிங், அவ்வளவுதான். பிரெஞ்சுப் படங்களின் டைட்டிலில் அந்தச் சொல் வந்தால் அங்கே எடிட்டர் பெயர் வரப்போகிறது என்று அர்த்தம். தத்துவம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது உங்கள் பேராசிரியையுடையது. புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். மோஸ்ஜுகின் என்ற நடிகரின் உணர்ச்சியில்லாத ஒரு முகத் துண்டு. அதன் பின்னே ஒருமுறை சூப் தட்டு, ஒருமுறை சவப்பெட்டி என்று வேறு வேறு ஷாட்டுகளை ஒட்டினார். பார்த்தவர்கள், பசியை என்னமாய்க் காட்டுகிறார், துக்கத்தை என்னமாய்க் காட்டுகிறார் என்று நடிகரைப் பாராட்டினார்கள் என்று குலெஷோவின் மாணவர் புடோவ்கின் எழுதியிருக்கிறார். அந்தத் துண்டு இன்று இல்லை, கதைதான் இருக்கிறது. ஆனால் நான் தினமும் அதைச் செய்கிறேன். நடிகை க்ளாப்புக்காகக் காத்திருந்தபோது சும்மா பார்த்த பார்வையை எடுத்து, மகன் வீட்டை விட்டுப் போகும் ஷாட்டுக்குப் பின்னால் போட்டு, "அழாமலே அழ வைத்துவிட்டார்" என்று அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எந்தப் படம் என்று சொல்ல மாட்டேன்.

சோவியத் இயக்குநர் ஐஸன்ஸ்டைன் இதை இன்னும் இழுத்துக்கொண்டு போனார். இரண்டு ஷாட்டுகள் செங்கல் போல ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டியதில்லை, மோத வேண்டும், மோதலில் மூன்றாவது ஒன்று பிறக்கும் என்றார். 1925-ல் வந்த 'போர்க்கப்பல் பொடெம்கின்' படத்தில் ஒடெஸா படிக்கட்டில் மக்களைச் சுட்டுத்தள்ளிய பிறகு கப்பல் பீரங்கி பதில் சொல்கிறது. அப்போது மூன்று கல் சிங்கங்கள் வரும். ஒன்று தூங்குகிறது, ஒன்று தலை தூக்கியிருக்கிறது, ஒன்று எழுந்து நிற்கிறது. மூன்றும் வேறு வேறு சிலைகள். ஒடெஸாவில்கூட இல்லை, கிரிமியாவின் அலுப்காவில் ஓர் அரண்மனையின் படிகளில் இருப்பவை. அடுத்தடுத்து ஒட்டியதும், ஒரே சிங்கம் விழித்து எழுந்து கொதிப்பதாகத் தெரிகிறது. கல் எழுந்திருக்கவில்லை. எழுந்தது வெட்டுக்குள்ளே. இன்டர்னலில் இந்தச் சிங்கங்களை எழுதினால் போதும். 'மோதல்', 'இயங்கியல்' என்று பக்கம் நிரப்ப வேண்டியதில்லை.

மூன்றாவது ஹாலிவுட்டினுடையது. நாள்காட்டித் தாள் பறக்கும், ரயில் சக்கரம் சுழலும், பத்திரிகைத் தலைப்புகள் வந்துவிழும். அரை நிமிடத்தில் ஐந்து வருடம் ஓடிவிடும். நேரத்தைச் சுருக்கும் அந்தத் துண்டுக்கு மாண்டேஜ் என்று பெயர் வைத்தார்கள்.

நான்காவது உங்கள் மாமாவின் மாண்டேஜ் பாட்டு, இதன் பேத்தி. பாட்டு பின்னால் ஓடும். யாரும் வாயசைக்க மாட்டார்கள். இருவரும் பேருந்தில் போவார்கள், டீ குடிப்பார்கள், சண்டை போடுவார்கள், சேருவார்கள். நாலு நிமிடத்தில் காதல் முடிந்துவிடும். நேரத்தைச் சுருக்குவது என்ற வேலை அப்படியே இருக்கிறது, கூடவே ஒரு மெட்டு. என்னைக் கேட்டால் தமிழ்ப்படங்களில் எடிட்டருக்கு உண்மையான சுதந்திரம் கிடைக்கும் இடமே அதுதான். வசனம் கிடையாது, உதட்டசைவு கிடையாது, கன்டின்யூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் பொருந்துகிறதா என்று பார்த்து யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மாமாவைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

இதே விளையாட்டை ரீ-ரெக்கார்டிங்கிலும் பார்க்கலாம். ஹாலிவுட்காரரிடம் சொன்னால், வசனம், ஓசை, இசை எல்லாத் தடங்களையும் கடைசியாகக் கலக்கும் வேலை என்று புரிந்துகொள்வார். இங்கே 'ஆர்.ஆர். நடக்கிறது' என்றால் இசையமைப்பாளர் பின்னணி இசை போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஒருவர் தோளுக்கு மேலாக இன்னொருவர் முகத்தைப் பிடிக்கும் ஷாட்டுக்கு நம் தளத்தில் 'சஜஷன்' என்று பெயர். பாடப்புத்தகத்தில் தேடினால் கிடைக்காது.

டயஜெடிக் என்பது நம் படங்களுக்கு வரும்போதுதான் சுவாரசியமாகிறது. கதையுலகுக்குள் இருப்பவர்களுக்கும் கேட்கும் ஓசை டயஜெடிக். டீக்கடை ரேடியோ, மழை, வசனம். நமக்கு மட்டும் கேட்பது நான்-டயஜெடிக், பின்னணி இசை. சரி, நாயகன் வயல்வெளியில் நின்று வாயசைத்துப் பாடுகிறான். நாயகிக்கு அது கேட்கிறது, பதிலும் பாடுகிறாள். அப்படியென்றால் குரல் கதையுலகுக்குள் இருக்கிறது. நாற்பது வயலின்கள்? வரப்பில் யாரையும் காணோமே. வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தின் இரண்டு பெட்டிகளுக்குள்ளும் நம் பாட்டு அடங்காது. இதை விடைத்தாளில் ஒரு பத்தியாக எழுதிப் பாருங்கள். பேராசிரியை ஒன்று கூடுதலாகப் போடுவார், அல்லது உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார். இரண்டும் லாபம்.

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவில் இருக்கும் கோட்டை ஒரே அடியில் அழித்த இடம் ஒன்று சொல்கிறேன். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி', 1955. ரவிசங்கர் இசை. வெளியூர் போயிருந்த ஹரிஹர் திரும்பி வருகிறான். மகள் துர்கா இறந்தது அவனுக்குத் தெரியாது. வாங்கிவந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறான். துர்காவுக்கென்று ஒரு புடவை. மனைவி சர்பஜயா அதை வாங்கி வாயில் அழுத்திக்கொள்கிறாள். உடைந்து கதறுகிறாள். வாய் திறந்திருக்கிறது, குரல் கேட்கவில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம் உச்சஸ்தாயியில் அலறுகிறது. கதையுலகுக்குள் இருக்க வேண்டிய அழுகையை எடுத்துவிட்டு, வெளியே இருக்க வேண்டிய இசையை அவள் தொண்டைக்குள் வைத்துவிட்டார் ராய். டயஜெடிக் என்ற சொல் தெரியாமலும் இதைப் பார்த்து அழலாம், நான் அழுதிருக்கிறேன். ஆனால் ஏன் அந்த அழுகை மற்ற அழுகைகளைப் போல இல்லை என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்ல வேண்டும் என்றால் அந்தச் சொல் வேண்டியிருக்கிறது.

கதைக்கும் பிளாட்டுக்கும் வித்தியாசம் கேட்பார்கள். நம் டைட்டில் கார்டே சொல்லித்தருகிறது: 'கதை, திரைக்கதை, வசனம்'. நடந்தது நடந்த வரிசையில் இருந்தால் கதை. நமக்குச் சொல்லப்படும் வரிசை பிளாட். எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்', 1954. பாட்டே இல்லாத படம். ரேடியோ இன்ஜினீயர் சுட்டுக் கொல்லப்படுவதில் தொடங்கி, ஒவ்வொருவர் வாக்குமூலமாகப் பின்னால் போகும். ஒரு தாளில் இடது பக்கம் திரையில் வந்த வரிசை, வலது பக்கம் உண்மையில் நடந்திருக்கக்கூடிய வரிசை என்று எழுதிப் பாருங்கள். யார் சுட்டது என்று நான் சொல்லப்போவதில்லை.

கடைசிக் கேள்விக்கு: ஆமாம், எல்லோருக்கும் வரும். எனக்கு இரண்டு வருடம் இருந்தது. தியேட்டரில் உட்கார்ந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் விரல் தானாக நாற்காலிக் கையில் தட்டும். ஒருமுறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் என் கையைப் பிடித்து அமுக்கி, "படத்தைப் பாருடா, ஏன் தாளம் போடுற?" என்றார். அப்புறம் எப்போது நின்றது என்று நினைவில்லை. சைக்கிள் பழகும்போது பெடலையே பார்ப்போம் இல்லையா, அப்படி ஒரு கட்டம் இது.

சீக்கிரம் கடக்க ஒரு வழி உண்டு. புதுப்படத்தை விட்டுவிடுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு படத்தில் மூன்று நிமிட சீன் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல்முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். வெட்டு வரும் இடமெல்லாம் நோட்டில் ஒரு கோடு. இரண்டாம் முறை ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் க்ளோசப், மிட், வைடு என்று அளவு. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு ஒலி மட்டும். கோடுகள் எங்கே நெருக்கமாகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்த்தால், அந்த சீனில் யார் பக்கம் படம் நிற்கிறது என்பது அநேகமாகத் தெரிந்துவிடும். இருபது சொற்களில் எட்டு அந்த ஒரு நோட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். மற்ற பன்னிரண்டை செமஸ்டர் முடிவதற்குள் பார்த்துக்கொள்ளலாம்.

விடுமுறையில் சென்னை வந்தால் மாமாவின் எடிட்டிங் அறைக்குப் போங்கள். ஏதாவது ஒரு சீனை ஆர்.ஆர். தடத்தை அணைத்து ஒருமுறை, போட்டு ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். ரிலீஸான பழைய படமாகக் கேளுங்கள். இப்போது வேலை நடக்கும் படத்தைக் காட்டச் சொல்லி அடம்பிடித்தால் அவருக்கு வேலை போய்விடும்.